சோறு தொடாத கடற்குருவி

காலை ஆறு மணி பத்து நிமிடம். அந்த நேரம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், மேல் லயத்தில், எல்லாருக்கும் நினைவிருக்கும், ஏனென்றால் அன்று பெரட்டுத் தப்பு தாமதமாக அடித்தது. இரவெல்லாம் மட்டக்களப்புப் பக்கமிருந்து வந்த காற்றில் தப்புக்காரரின் கூரைத் தகரம் பறந்துவிட்டது. அவர் அதைத் தேடிப் பிடித்துக் கல் ஏற்றி வைத்துவிட்டுத்தான் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். முதல் அடி விழுந்தபோது என் அத்தை, சரிந்து கிடந்த தன் கோழிக்கூட்டுக்குள் கையை விட்டிருந்தாள். வெளியே எடுத்த கையில் இருந்தது கோழி இல்லை.

"ஐயோ, என்னமோ கக்குது சனியன்!"

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். அத்தையின் முழங்கை வரை மஞ்சளாக எண்ணெய் வழிந்தது. மீன் எண்ணெயும் அணைந்த விளக்குத் திரியும் கலந்ததுபோல் ஒரு வாடை. கையில் ஒரு சின்னக் கரும்பழுப்புக் குருவி. வால் நடுவில் பிளந்திருந்தது. அலகின் மேல் ஒரு குட்டிக் குழாய், மூக்கின் மேல் இன்னொரு மூக்கை ஒட்டி வைத்ததுபோல். கால் விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருக்கும் தோல். கீழே விட்டால் அதனால் நிற்க முடியவில்லை. முட்டி போட்டுத் தவழ்ந்தது.

அத்தை முதலில் கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து எங்கள் ஒற்றை அறைக் காம்பராவைப் பார்த்தாள். அம்மா அப்போது படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையில் கயிற்றை மாட்டிக் கூடையை முதுகில் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இது தம்பி சொன்ன குருவில்ல?" என்றாள் அத்தை. தம்பி என்றது என் அப்பாவை.

தப்புச் சத்தம் நிற்கவில்லை. ஆனால் அன்று அத்தை வேலைக்குப் போகவில்லை, அம்மாவையும் போகவிடவில்லை.

மேல் லயத்தில் என்னோடு வளர்ந்தவர்களே, உங்களில் பாதிப்பேர் இன்று கொழும்பில் கடைகளில் இருக்கிறீர்கள், சிலர் கடல் தாண்டி இருக்கிறீர்கள். அந்த லயமும் இப்போது இல்லை. மண்சரிவு அபாயம் என்று சொல்லிக் கீழே வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள், மேலே சுவர் மட்டும் நிற்கிறது. இத்தனை வருடம் நாம் யாரும் பேசாத ஒன்றை இப்போது எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் மகன் கப்பலில் பயிற்சி இன்ஜினியர். சென்ற மாதம் அவனுடைய அழைப்புகள் திடீரென்று நின்றுபோயின. வாரம் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. பண்டாரவளை பஸ் நிலையத்தில் ஒரு சொந்தக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாச்சும் ஒரு முடிவு தெரியணும்ல மதினி" என்றார். நல்ல மனிதர்தான். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு என் கழுத்து சில்லிட்டது. நடு பஸ் நிலையத்தில் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

மகன் பிறகு பேசிவிட்டான். கப்பலில் ஏதோ தொடர்புக் கருவி பழுதாம். "ஏம்மா இப்படிப் பயப்படுறீங்க?" என்று சிரித்தான். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளை அதட்டி அடக்குகிறவள். அவனிடம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

என் அப்பா கப்பலுக்குப் போனவர் என்பது உங்களுக்குத் தெரியும். கொழும்பில் கடை வேலைக்கென்று போனவர், அங்கிருந்து துறைமுகம், அங்கிருந்து கப்பலின் அடித்தளத்தில் எந்திரத்துக்கு எண்ணெய் துடைக்கும் வேலை. லீவில் வரும்போது அவர் பெட்டியைத் திறந்தால் சவர்க்கார வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து அடிக்கும். நீல மூடி போட்ட பிஸ்கட் டின் ஒன்று, ஒரு பக்கம் உடைந்த ரேடியோ, பித்தளைச் சாவி ஒன்று. அது எந்தப் பூட்டின் சாவி என்று யாருக்கும் தெரியாது. தை மாதத்தில் மேகமில்லாத காலையில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை உச்சிக்குப் போவார். தெற்கே, வெகு கீழே, சமவெளி முடியும் இடத்தில் வெள்ளியாக ஒரு கோடு தெரியும். "அதான் கடலு. அப்பா அங்கதான் இருக்கேன். பார்க்கணும்னா இங்க வந்து பாரு" என்பார்.

சாயங்காலத்தில் காம்பரா வாசலில் இருக்கும் இஸ்தோப்பில் உட்கார்ந்து அவர் கதை சொல்ல, லயமே கூடும். கப்பல் புகைக்குப் பின்னால், அலைக்கு மேலே, தண்ணீரில் கால் வைத்து நடப்பதுபோல் பறக்கும் ஒரு சின்னக் குருவியைப் பற்றித்தான் அவர் அதிகம் சொன்னார்.

"இந்தக் கையளவுதான் இருக்கும். அந்தப் பெரிய கடல்ல அது என்னா பண்ணுதுன்னே தெரியாது. ஆனா ஒரே குருவிக்கு எத்தன பேரு வச்சிருக்கானுங்க தெரியுமா?"

விரல் விட்டு எண்ணுவார். ஆங்கிலேய மாலுமிகள் அதைக் கேரி அம்மாவின் கோழிக்குஞ்சு என்பார்களாம். கேரி அம்மா கடலுக்குள் இருக்கும் ஒரு பொல்லாத தாய். புயலை அனுப்புவதற்கு முன்னால் தன் குஞ்சுகளை அவிழ்த்து விடுவாளாம். இன்னொருவன் அதைச் சின்னப் பீட்டர் என்பானாம், வேதத்தில் பீட்டர் தண்ணீர் மேல் நடந்தாராமே, அதனால். ஒருவனுக்கு அது சூனியக்காரி. ஒருவனுக்குப் புயல்குருவி. கப்பலில் இருந்த ஒரு பிரெஞ்சுக் கிழவன் மட்டும், ஆட்களை அடித்துக் கொடுமைப்படுத்திய கப்பித்தான்மார் செத்தால் இப்படிக் குருவியாகி, கரையில் இறங்க முடியாமல் அலைய வேண்டியதுதான் என்பானாம்.

"தம்பி, அங்க வேலையே குடுக்கிறதில்லையா? குருவி பார்க்கத்தான் சம்பளமா?" என்று கேட்டார் கங்காணி மாமா. அத்தையின் கணவர் அவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"நம்ம ஆளுங்க ஒரு பேரும் வைக்கலியா?" என்றாள் அத்தை.

"நம்ம ஆளு அடியில எண்ணெ தொடைக்கிறான். மேல வந்து குருவி பார்க்க விட்டாத்தானே பேரு வைப்பான்."

அத்தைக்குக் கதை போதவில்லை என்பது அப்பாவுக்குத் தெரியும். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துக் கதையை வளர்ப்பவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இன்னொரு பேரும் இருக்குக்கா. முழுகினவன் உசுரு. கடல்ல முழுகிச் செத்தவனுக்குக் குழியும் இல்ல, கருமாதியும் இல்ல. அதான் குருவியாகிக் கப்பலச் சுத்திச் சுத்தி வருதாம், சோறு கேட்டு."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

'சோறு கேட்டு' என்பது அப்பா தன் கையிலிருந்து போட்டது என்று இன்று எனக்குத் தெரிகிறது. எந்த வெள்ளைக்கார மாலுமி சோற்றைச் சொல்லியிருப்பான்? ஆனால் அத்தையின் மனதில் தங்கியது அது ஒன்றுதான்.

அந்த வருடம் ஆனிக்குப் பிறகு அப்பாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கங்காணி மாமா கொழும்புக்குப் போய், ஆள் எடுத்து அனுப்பிய இடத்தில் விசாரித்தார். கதவு பூட்டியிருந்ததாம். பக்கத்துக் கடைக்காரன், அந்தக் கப்பலைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வேறு ஆட்களும் வந்து போனார்கள் என்றானாம். அவ்வளவுதான் தெரியும். அம்மா வேலைக்குப் போனாள், வந்தாள், வெள்ளிக்கிழமை தாலிக்கு மஞ்சள் பூசினாள்.

அவசரம் அத்தைக்குத்தான். அவள் மகளுக்குப் பூனாகலையில் மாப்பிள்ளை பார்த்திருந்தது. பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுத்து மணையில் உட்கார வைக்க வேண்டியவர் தாய்மாமன், அதாவது என் அப்பா. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் தடவை அந்த வீட்டுப் பெரியவர் வெற்றிலையைத் தொடாமல் கேட்டார்:

"மாமன் உசுரோட இருந்தா வந்து நிக்கட்டும். இல்லேன்னா கருமாதிய முடிச்சிட்டுச் சொல்லுங்க, வேற ஆள வச்சிச் செய்யலாம். ரெண்டுங்கெட்டான் தீட்டோட எங்க வீட்டுக்குப் பொண்ணு வரக் கூடாது. ஒரு முடிவு சொல்லுங்க."

முடிவு என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அப்போதுதான். தையில் முகூர்த்தம் வைத்தாக வேண்டும் என்றார்கள். அப்போது ஐப்பசி. கார்த்திகையில் காற்று வந்தது, குருவியைக் கொண்டுவந்து அத்தையின் கோழிக்கூட்டுக்குள் போட்டது.

அன்று காலை குருவியைக் கூடையால் கவிழ்த்து எங்கள் இஸ்தோப்பில் வைத்தார்கள். யார் வீட்டுச் சாவோ அவர்கள் வாசலில்தான் இருக்க வேண்டுமாம். அத்தை தலைவாழை இலை போட்டாள். வெள்ளைச் சோறு, அப்பாவுக்குப் பிடித்த ஆட்டிறைச்சிக் கறி, ஒரு குவளை சாராயம், பற்ற வைத்த பீடி. காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு நிற்பதுபோல் எல்லாரும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். கூடையை எடுத்தார்கள். குருவி முட்டி போட்டபடி இலையின் ஓரத்தில் கிடந்தது. சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எடுக்கல பாரு," என்றாள் அத்தை. "கொறை இருக்கு தம்பிக்கு."

காகம் சோறு எடுக்காவிட்டால் செத்தவருக்கு ஏதோ மனக்குறை என்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தை அப்படியே அந்தக் கடல் குருவியின் தலையில் வைத்தார்கள். அது சோற்றைப் பார்த்தே இராத பிறவி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. என்ன குறை என்று கேட்டுக் கேட்டு முன்னால் வைத்தார்கள். வடை வைத்தார்கள். ரேடியோவை வைத்தார்கள். கடைசியில் அத்தை, கலியாணப் பேச்சைச் சொல்லி, "ஒன் மருமவ கலியாணம் நிக்கிதுன்னுதான் வந்தியா தம்பி?" என்று கேட்டபோது, குருவி சிறகை ஒரு தடவை உதறியது.

"ஆமாங்கிது!"

பெண்கள் குலவை போடாத குறை. அம்மா மட்டும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, அது குருவி. குளிருல நடுங்குது."

"ஒனக்கு என்னாடி தெரியும்? என் ரத்தம் எனக்குத் தெரியாதா?"

"அவரு செத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"எப்படித் தெரியும்? கனவுல வந்து சொல்லுவாரா? வாசலுக்கே வந்து கெடக்காரு, மூஞ்சத் திருப்பிக்கிற. மஞ்சக் கயித்த விட மனசில்ல ஒனக்கு. ஊரு ஒலகத்துல யாரும் அறுக்காததா?"

அம்மா கங்காணி மாமாவைப் பார்த்தாள். அவர் அவளுக்கு அண்ணன் முறை. "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

மாமா சுருட்டைக் கையில் உருட்டினார். "தங்கச்சி, எனக்கும் மனசுக்குச் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா சபையில ஒரு பேச்சு வந்திருச்சில்ல" என்றார். பெரட்டுக் களத்தில் நூறு பேரை அதட்டுகிறவருக்கு அன்று அவ்வளவு மெல்லிய குரல்.

மத்தியானம் கூட்டம் கலைந்து, அம்மாவும் விறகுக்குப் போன பிறகு நான் கூடைக்கடியில் கையை விட்டேன். குருவி கடிக்கவில்லை, எண்ணெயும் கக்கவில்லை. கக்குவதற்கு ஒன்றும் மிச்சம் இருந்திருக்காது. பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்தேன். நெத்தலிக் கருவாட்டை ஊற வைத்து நகத்தால் நாராகக் கிழித்துத் தண்ணீரில் மிதக்க விட்டேன். வெகுநேரம் கழித்து அந்தக் குழாய் மூக்கு தண்ணீரைத் தொட்டது. ஒரு நாரை எடுத்தது. பிறகு இன்னொன்று.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை அத்தையின் காம்பராவுக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"மதினி, அது கருவாடு தின்னுது. உப்புத் தண்ணி குடிக்குது. கடல்லேருந்து காத்துல வந்த குருவிதான் மதினி. சொல்லுடி, நீ பார்த்தத அத்தைகிட்டச் சொல்லுடி."

சொன்னேன். அத்தை கண்ணீர் விட்டாள். எனக்கு வென்றுவிட்டோம் என்றுதான் தோன்றியது.

"தம்பிக்கு நெத்தலின்னா உசுரு," என்றாள் அத்தை. "மக கையால வாங்கித் தின்னிருக்கான் பாரு. இனி யாரும் சந்தேகப்படக் கூடாது."

அதோடு குருவியைத் தன் காம்பராவுக்கு எடுத்துப்போய்விட்டாள். மகளிடம் வாங்கித் தின்றது போதும், இனிச் சடங்கு முடியும்வரை வேறு எதுவும் படக் கூடாது, பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்றாள். நான் அவள் வாசலில் கருவாட்டோடு போய் நின்றேன். கதவைச் சாத்தினாள்.

அன்று இரவு அடுப்பங்கரையில் அம்மாவிடம் பிரெஞ்சுக் கிழவனின் கதையை நினைவுபடுத்தினேன். "அம்மா, கொடுமைக்காரங்க செத்தாத்தானே அந்தக் குருவின்னு அப்பா சொன்னாரு? அத ஏன் யாரும் சொல்லல?"

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். "அப்ப அது ஒங்க அத்தை செத்து ஆவுற குருவி" என்றாள். பிறகு ஊதுகுழல் கையிலிருக்க, சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தப் பருவம் முழுவதிலும் அவள் சிரித்தது அவ்வளவுதான்.

குருவி மறுநாள் விடிவதற்குள் செத்துவிட்டது. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டதால் போய்விட்டது என்றார்கள். நம் ஆட்களுக்கு உடல் இல்லாத சாவு பெரிய சங்கடம். புல்லில் ஆள் உருவம் செய்து வைத்துத்தான் காரியம் நடத்த வேண்டும். இப்போது அந்தச் சங்கடமும் தீர்ந்தது. ஒரு பால்மா டின்னில் பருத்தித் துணி விரித்துக் குருவியைப் படுக்க வைத்தார்கள். பெரட்டுக்கு அடித்த அதே தப்புக்காரர் சாவுக்கும் அடித்தார். டின் முன்னால் போக, மேல் லயம் மொத்தமும் பின்னால் நடந்தது. நீங்களும் வந்தீர்கள். உங்களில் ஒருவன் என் காதருகே, "டின்னுக்குள்ள ஒங்கப்பாவுக்குக் காலு மடக்கி வச்சிருக்காங்களா?" என்று கேட்டான். நான் அவன் கையைக் கடித்தேன். சாவு வீட்டில் சண்டை போட்டதற்காகக் கங்காணி மாமா என்னைத்தான் அறைந்தார்.

அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. தாலி இறக்கும்போது பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அது வராமல் சடங்கு நடக்காது. அம்மாவின் தம்பி ஒருவர்தான் அவளுக்குப் பிறந்த வீடு. ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் இருந்தார். "என் தம்பி கொண்டு வர மாட்டான். வந்து இவங்கள நாலு கேள்வி கேப்பான்" என்று அம்மா என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். கருமாதி நாள் வரை வேலைக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தாள்.

அம்மாவின் தம்பி வந்தார். குடையும், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலமும். அம்மா எழுந்து ஓடிப் பொட்டலத்தைத்தான் பார்த்தாள்.

"என்னாடா இது?"

"அக்கா, ஆள் அனுப்பிச் சொன்னாங்க. நான் இல்லேன்னு எப்படிக்கா சொல்றது? நாளைக்கு எனக்கும் பொண்ணு இருக்கு."

"நான் அறுக்கலேன்னு சொல்றேன்டா."

"நல்ல சேலைதான்க்கா. பண்டாரவளையில எடுத்தேன்."

அம்மா உள்ளே போய் முகம் கழுவி, பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு, தாலிக்கு அளவுக்கு மேல் மஞ்சள் அரைத்துப் பூசினாள். நான் அவள் மடியில் சாய்ந்திருந்தேன். மஞ்சள் ஈரம் என் கன்னத்தில் ஒட்டியது. இன்றும் கடையில் பச்சை மஞ்சளை முறித்தால் நான் கொஞ்சநேரம் நின்றுவிடுவேன்.

லயத்து ஆட்கள் குளிக்கும் பீலியடிக்கு அவளை நடத்திக்கொண்டு போனது பெண்கள் மட்டும். குழாயிலிருந்து தண்ணீர் கல்லில் கொட்டும் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். அத்தை ஒரு கையைப் பிடித்தாள், அத்தை மகள் இன்னொரு கையைப் பிடித்தாள். கலியாணப் பெண் இதைச் செய்யக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். "ஆள் இல்ல, பிடிச்சுத் தொலை" என்றாள் அத்தை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கொழுந்து கிள்ளிக் காய்த்த விரல்கள், லேசில் பிரியவில்லை. சுண்டு விரல் பிரிந்தபோது ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு அந்த விரல் நேராகவே இல்லை.

"அவரு வந்து கேப்பாரு! வந்து கேப்பாருடி ஒங்கள!" என்று அம்மா கத்தினாள்.

"வரட்டும்டி. வந்தா நானே மாலை போட்டுக் கூப்புடுறேன்" என்றாள் அத்தை.

அம்மாவின் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். பொட்டை அத்தை தன் கட்டை விரலால் அழித்தாள். கோடிச் சேலையை மேலே போட்டார்கள். உண்மையாகவே நல்ல சேலை.

தையில் கலியாணம் நடந்தது. கங்காணி மாமாவின் தூரத்து மைத்துனர் ஒருவர் தாய்மாமனாக நின்று மாலை எடுத்துக் கொடுத்தார். அம்மாவைப் பந்தல் பக்கம் வர வேண்டாம் என்றார்கள். எங்கள் காம்பராவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். சுவர் முழுக்க நாதஸ்வரம் கேட்டது. பிறகு கலியாணச் சோறு ஒரு தட்டில் வந்தது. அம்மா தொடவில்லை. வாசலில் வந்து எட்டிப் பார்த்த ஒருத்தி, "இவளும் அந்தக் குருவி மாதிரி" என்றாள்.

அப்போதுதான் எனக்குக் குருவி மகள் என்று பெயர் வந்தது. மறந்திருப்பீர்கள். பள்ளிக்கூடப் படிக்கட்டில் வரிசையாக நின்று, "ஏய் குருவி மகளே, ஒங்கப்பன் முட்ட போட்டாரா?" என்று கேட்டீர்கள். நான் திரும்பி உங்களைக் கேரி அம்மா, சூனியக்காரி என்றெல்லாம் ஏசினேன். அப்பா சொல்லிக் கொடுத்த பேர்கள் அத்தனையையும் அந்த ஒரு பள்ளித் தவணையில் செலவழித்துத் தீர்த்தேன். மாலுமிகள் பயத்தில் வைத்த பேர்கள் அவை. உங்களுக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை.

அம்மா மறுபடி கொழுந்து கிள்ள மலைக்குப் போனாள். வளைந்த சுண்டு விரலோடு கிள்ளியதால் கொழுந்து குறைந்தது. கங்காணி மாமா, "தங்கச்சி, கை ஓடலியே" என்று மலையில் எல்லாரும் கேட்கச் சொல்லுவாராம். வீட்டுக்கு வந்தால் அம்மா என்னோடும் பேசுவதில்லை. ஒரு நாள் நான் அப்பா வருவாரா என்று கேட்டதற்கு, அகப்பையால் என் முதுகில் அடித்தாள். அடித்துவிட்டு, கேட்டதையே நான் மறுபடி கேட்பேனா என்பதுபோல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் வெயில் காய்ந்தது. கொழுந்து நிறுக்கும் பின்னேரம். நான் வாசற்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழ் ரோட்டிலிருந்து ஒரு ஆள் படியேறி வந்தான். காலில் செருப்பு இல்லை, கையில் ஒரு பொலித்தீன் பை. கன்ன எலும்பு இரண்டும் வெளியே நின்றது. பக்கத்தில் வந்தபோது டீசல் வாசனை அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"அம்மா எங்கடா?" என்றார் அப்பா.

முதலில் பார்த்துக் கத்தியது அத்தைதான். நிறுவை முடிந்து வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள், நீங்களும் வந்தீர்கள். அப்பா சிரித்துக்கொண்டே அக்காவை நோக்கி நடந்தார். அத்தை இரண்டு கையையும் நீட்டித் தடுத்தாள்.

"அங்கயே நில்லு தம்பி. உள்ள வராத. ஒனக்குக் கருமாதி முடிஞ்சிருச்சு. புள்ள முழுகாம வீட்டுக்கு வந்திருக்கா, நீ லயத்துக்குள்ள காலு வச்சா ஆகாது."

விளையாட்டு என்று நினைத்து அப்பா இன்னும் சிரித்தார். கப்பல் முதலாளி கடன்பட்டுக் கப்பலைக் கைவிட்டுப் போனதையும், ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே கரையில் இறங்க அனுமதியில்லாமல் மாதக் கணக்கில் கிடந்ததையும், மழைத் தண்ணீர் பிடித்துக் குடித்ததையும் மடமடவென்று சொன்னார். யாரும் சிரிக்காததைப் பார்த்து மெல்ல நிறுத்தினார். அத்தை குருவியைப் பற்றிச் சொன்னாள். கோழிக்கூட்டில் கிடந்ததை, இலை போட்டதை, அது சிறகை உதறியதை.

"என்னாத்தக் குடுத்தீங்க அதுக்கு?" என்றார் அப்பா.

"சோறுதான். நீதானே சொன்ன, சோறு கேட்டு வரும்னு."

அப்பா பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார்: "அவ? அவ என்னா சொன்னா?"

அத்தை என்னைப் பார்த்தாள். கங்காணி மாமாவைப் பார்த்தாள். அவர் சுருட்டுக்கு நெருப்புத் தேடிக்கொண்டிருந்தார்.

"அவளும் ஒத்துக்கிட்டாதானே தம்பி? நாங்க என்னா, பிடிச்சு இழுத்தா அறுத்தோம்?"

பீலியடிக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன், சத்தம் வரவில்லை.

அப்போது அம்மா வந்தாள். வெறும் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு வளைவு திரும்பினாள். கூட்டம் தானாக விலகியது. அவள் அப்பாவைப் பார்த்தாள். தலைக் கயிற்றைக் கழற்றாமல், கூடையை இறக்காமல், அப்படியே நடந்து வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கிட்ட வரவர அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. அவள் இப்போது அத்தையைப் பார்க்கப் போகிறாள், அவரு வந்து கேப்பாருன்னு சொன்னேன்ல என்று சொல்லப் போகிறாள் என்று நான் எழுந்து நின்றேன்.

அப்பாவும் எழுந்தார். அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். பிறகு கழுத்தைப் பார்த்தார். லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"ஏன்டி, நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலியா ஒனக்கு?"